ஆழமில்லாத பவளப்பாறையில் டைவ்: கோளாறு என்ன, முதலில் எங்கே பார்ப்பது

ஐந்து மீட்டரிலிருந்து பன்னிரண்டு மீட்டர் ஆழம், வெதுவெதுப்பான தண்ணீர், கீழே பவளப்பாறை. ஸ்கூபா கற்றுக்கொண்ட புதிதில் பெரும்பாலானோர் இறங்கும் இடம் இதுதான். இப்படிப்பட்ட இடங்களில் பல வருடமாக ஆட்களைக் கூட்டிக்கொண்டு இறங்குகிறேன். படகுக்குத் திரும்பியதும் காதில் விழும் புகார்கள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். அவற்றில் முக்கால்வாசி இறங்குவதற்கு முன்பே, படகில் உட்கார்ந்தபடி சரிசெய்திருக்கக் கூடியவை.

ஒரு விஷயத்தை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆழம் குறைவு என்றால் கவலையும் குறைவு என்று நினைக்காதீர்கள். மேற்பரப்பில் 1 பார் (அழுத்தத்தின் அலகு) இருக்கும் அழுத்தம் 10 மீட்டரில் 2 பார் ஆகிவிடுகிறது. இந்த முதல் 10 மீட்டருக்குள்தான் அழுத்தம் இரட்டிப்பாகிறது. அதற்குக் கீழே எந்தப் பத்து மீட்டரிலும் இவ்வளவு வேகமான மாற்றம் கிடையாது. காது, நுரையீரல், ஜாக்கெட் (காற்று ஏற்றி இறக்கி மிதப்பைச் சரிசெய்யும் உடுப்பு) என்று காற்று இருக்கும் எல்லாமே இங்கேதான் அதிகமாகச் சுருங்கி விரிகின்றன. கீழே வரும் தொல்லைகளில் பாதி இதனால் வருபவை.

தண்ணீருக்குள் எது நடந்தாலும் முதல் வேலை ஒன்றுதான்: நின்று, நிதானமாக மூச்சு விட்டு, ஜோடிக்கு (கூடவே இறங்கும் துணைக்கு) கையை அசைத்து "சரியில்லை" என்று காட்டி, எந்த இடத்தில் கோளாறோ அந்த இடத்தைத் தொட்டுக் காட்டுங்கள். மூச்சை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் அடக்கக் கூடாது. டேங்க் காற்றை இழுத்து அடக்கிக்கொண்டு ஒன்றிரண்டு மீட்டர் மேலே வந்தாலே நுரையீரல் கிழிய வாய்ப்புண்டு.

## மாஸ்க் பனி மூடுகிறது

புது மாஸ்க்கா என்று முதலில் பாருங்கள். அச்சிலிருந்து வந்த சிலிக்கான் படலம் கண்ணாடியின் உட்பக்கம் ஒட்டியிருக்கும். எத்தனை தடவை எச்சில் துப்பினாலும் அது போகாது. ஜெல் இல்லாத சாதாரண வெள்ளைப் பற்பசையை விரலில் எடுத்து, உட்பக்கத்தை இரண்டு நிமிடம் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டியிருக்கும். உட்பக்கம் ஏற்கெனவே பனி தடுக்கும் பூச்சு கொடுத்து வந்த மாஸ்க் என்றால் தேய்க்கக் கூடாது, பூச்சு போய்விடும். லைட்டர் நெருப்பில் காட்டிப் படலத்தை எரிப்பவர்களும் இருக்கிறார்கள். கண்ணாடி விரிசல் விட்டும், சிலிக்கான் உருகியும் பார்த்திருக்கிறேன். அந்த வழிக்கே போக வேண்டாம்.

பழைய மாஸ்க்கில் பனி மூடினால் காரணம் பெரும்பாலும் வரிசை தப்புவதுதான். உலர்ந்த கண்ணாடியில் துப்பி, விரலால் எல்லா மூலைக்கும் பரப்பி, ஒரே முக்கு முக்கி உடனே போட்டுக்கொள்ள வேண்டும். ஈரக் கண்ணாடியில் துப்பினால் எச்சில் நிற்காது. துப்பிவிட்டு மூன்று தடவை அலசினால் அதுவும் கழுவிப் போய்விடும். தண்ணீர் கலந்த குழந்தை ஷாம்பூவும் நன்றாக வேலை செய்யும்.

இவ்வளவும் செய்த பிறகும் மூடுகிறதா? மூக்கு வழியாக மூச்சு விடுகிறீர்கள். அல்லது படகில் மாஸ்க்கை நெற்றிக்கு ஏற்றி வைத்து, வியர்வைச் சூட்டைக் கண்ணாடிக்குக் கொடுத்துவிட்டு இறங்கியிருக்கிறீர்கள். கழுத்தில் தொங்கவிடுங்கள், அப்போது கடலில் விழுந்து தொலையவும் தொலையாது.

## மாஸ்க்குக்குள் தண்ணீர் கசிகிறது

பத்தில் ஏழு தடவை முடிதான் காரணம். ஒரே ஒரு முடியிழை ஓரத்துக்கு அடியில் மாட்டினால் போதும், தண்ணீர் அதன் வழியாகத் திரி ஏறுவது போல உள்ளே வந்துகொண்டே இருக்கும். நெற்றி ஓரம் முழுக்க விரலை ஓட்டிப் பாருங்கள், ஜோடியையும் பார்க்கச் சொல்லுங்கள். அடுத்தது பட்டை. கசிகிறதே என்று இறுக்க இறுக்க, ஓரத்தின் மெல்லிய உதடு மடங்கி இன்னும் அதிகமாகக் கசியும். கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள். பலருக்கு அதிலேயே நின்றுவிடுகிறது.

மீசை வைத்தவர்களுக்கு மூக்குக்கு அடியில் ஒரு சென்டிமீட்டர் அளவு மழித்துக்கொள்வதுதான் நிரந்தர வழி. மழிக்க மனமில்லாவிட்டால் சிலிக்கான் கிரீஸ் லேசாகத் தடவலாம்.

எதிலும் நிற்கவில்லை என்றால் மாஸ்க் உங்கள் முகத்துக்கானது இல்லை. பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து, மூக்கால் லேசாக மூச்சை இழுத்துக் கையை எடுங்கள். முகத்தோடு ஒட்டி நிற்க வேண்டும். விழுந்தால் வேறு மாஸ்க் வாங்குங்கள்.

## காது

### இறங்கும்போது வலிக்கிறது

வலி வந்த பிறகு ஈக்வலைஸ் செய்ய, அதாவது மூக்கைப் பிடித்து மெல்ல ஊதிக் காதின் உள் அழுத்தத்தை வெளி அழுத்தத்துக்குச் சமமாக்கப் பார்ப்பதுதான் தவறு. அதற்குள் தொண்டையிலிருந்து நடுக்காதுக்குப் போகும் குழாயின் வாய் அழுத்தத்தில் மூடிக்கொண்டிருக்கும், எவ்வளவு ஊதினாலும் திறக்காது. தலை தண்ணீருக்குள் போகும் முன்பே ஒரு தடவை, பிறகு ஒவ்வொரு அரை மீட்டருக்கும் ஒரு தடவை செய்துகொண்டே போங்கள். ஐந்தாறு மீட்டர் இறங்குவதற்குள் பத்துப் பன்னிரண்டு தடவை செய்திருக்க வேண்டும்.

அப்படியும் வலித்தால் ஒரு மீட்டர் மேலே ஏறி, வலி போனதும் மூக்கைப் பிடித்து மெல்ல ஊதுங்கள். திறக்கவில்லையா, மூக்கைப் பிடித்தபடி எச்சிலை விழுங்குங்கள். இன்னும் இல்லையா, அடைத்த காது மேலே இருக்கும்படி கழுத்தைச் சாய்த்து மறுபடி. தலைகீழாக இறங்குபவர்கள் கால் கீழே, தலை மேலே இருக்கும்படி நங்கூரக் கயிற்றைப் பிடித்து இறங்கிப் பாருங்கள். இந்த ஒரு மாற்றத்திலேயே பலருக்குக் காது திறக்கிறது.

மூன்று தடவை முயன்றும் திறக்கவில்லை என்றால் அன்றைக்கு அவ்வளவுதான். பலமாக ஊதக் கூடாது. உள்காதின் மெல்லிய சவ்வு கிழிந்தால் கேட்கும் திறனே போகலாம். சளி இருக்கும் நாளில் மாத்திரை போட்டுக்கொண்டு இறங்குவதையும் நான் அனுமதிப்பதில்லை. மருந்தின் வேகம் நீருக்கடியில் தீர்ந்தால், ஏறும்போது காற்று வெளியே வர வழியில்லாமல் மாட்டிக்கொள்ளும்.

### ஏறும்போது வலிக்கிறது

நின்று, அரை மீட்டர் இறங்கி, தாடையை அசைத்து எச்சில் விழுங்கி, மறுபடி மிக மெதுவாக ஏறுங்கள். ஏறும்போது மூக்கைப் பிடித்து ஊதக் கூடாது. ஏற்கெனவே உள்ளே இருக்கும் அதிகக் காற்றோடு இன்னும் சேர்ப்பதாகிவிடும். அவசரம் வேண்டாம், ஆனால் மேலே வந்துதான் ஆக வேண்டும் என்பதால் காற்று மிச்சம் இருக்கும்போதே ஏறத் தொடங்குவதன் அருமை இங்கே தெரியும்.

### திடீரென்று தலை சுற்றுகிறது

காதுக்குள் குளிர்ந்தது போல ஓர் உணர்வு வந்து, உடனே எல்லாம் சுழன்றால் செவிப்பறை கிழிந்திருக்கலாம். கயிற்றையோ ஜோடியின் கையையோ பிடித்துக்கொண்டு கண்ணை ஒரே இடத்தில் நிறுத்துங்கள். உள்ளே போன தண்ணீர் உடல் சூட்டுக்கு வந்ததும் சுழற்சி குறையும், அப்புறம் மெதுவாக மேலே. காதில் ரத்தம், இரைச்சல், கேட்பது மந்தம், நிற்காத தலைசுற்றல், இதில் எது இருந்தாலும் அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போக வேண்டும். சொட்டு மருந்து எதையும் நீங்களாக விடாதீர்கள்.

### மறுநாள் காதைத் தொட்டாலே வலி

காது மடலை இழுத்தாலோ, துளைக்கு முன்னால் இருக்கும் சின்னக் குருத்தை அழுத்தினாலோ வலிக்கிறதா? அது அழுத்தத்தால் வந்தது அல்ல. நாள் கணக்கில் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறிய வெளிக்காதுத் துளையில் வரும் தொற்று. டைவ் முடிந்ததும் நல்ல தண்ணீரால் அலசி, தலையைச் சாய்த்து வடியவிட்டு, துண்டு முனையால் ஒற்றி எடுத்தால் பெரும்பாலும் வராது. பஞ்சுக் குச்சி வேண்டவே வேண்டாம். வந்துவிட்டால் மருத்துவர்தான், குணமாகும் வரை தண்ணீர் கிடையாது.

## மிதப்பு

எனக்கு மிகவும் மனசு வலிக்கும் இடம் இது. ஒருமுறை மூன்று மில்லிமீட்டர் தடிமன் சூட் (டைவ் உடை) போட்ட ஒருவர் பத்து கிலோ ஈயம் கட்டிக்கொண்டு வந்தார். முந்தைய டைவில் இறங்க முடியவில்லை, அதனால் கூட்டிக்கொண்டேன் என்றார். கீழே போனதும் அந்த எடையைத் தாங்க ஜாக்கெட் நிறையக் காற்று நிரப்பினார். காற்று நெஞ்சைத் தூக்க, ஈயம் இடுப்பை இழுக்க, கடற்குதிரை போல நிமிர்ந்து நின்றுகொண்டு நீந்தினார். ஃபின் (காலில் மாட்டும் துடுப்பு) இரண்டும் நேராகக் கீழே. மான்கொம்புப் பவளக் கிளை ஒன்று சத்தமே இல்லாமல் ஒடிந்தது. ஒடிந்த முனை சுண்ணாம்புக் கட்டி போல வெள்ளையாகத் தெரிந்தது. என்ன நடந்தது என்றே அவருக்குத் தெரியவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கிளைப் பவளம் ஓரளவு வேகமாக வளரும். உருண்டையாகப் பாறை போல இருக்கும் பவளங்கள் வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில் வளருபவை. உங்கள் முழங்கால் பட்டு உடையும் ஒரு கைப்பிடிக்கு எத்தனை வருடம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

### கீழே இறங்கவே முடியவில்லை

உடனே ஈயத்தைக் கூட்டாதீர்கள். முதலில் கால். பதற்றத்தில் தெரியாமலே உதைத்துக்கொண்டிருப்பீர்கள், அது உங்களை மேலே தள்ளும். ஒரு கணுக்காலை இன்னொன்றின் மேல் போட்டுக்கொள்ளுங்கள். அடுத்தது மூச்சு. நெஞ்சு நிறைய இழுத்து வைத்துக்கொண்டு இறங்கப் பார்க்கிறீர்கள். நன்றாக, கடைசிவரை மூச்சை வெளியே விடுங்கள். முழு மூச்சுக்கும் காலி நெஞ்சுக்கும் இடையே சில கிலோ வித்தியாசம் உண்டு. மூன்றாவது ஜாக்கெட். குழாயைத் தலைக்கு மேலே முழுக்க நீட்டி, இடது தோளை உயர்த்திக் காற்றை வெளியேற்றுங்கள். மல்லாந்தபடி செய்தால் காற்று உள்ளேயே மாட்டிக்கொள்ளும். காய்ந்த சூட்டும் முதல் சில நிமிடங்கள் மிதக்கும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் இறங்கவில்லை என்றால்தான் எடை.

### எடை சரியா என்று பார்ப்பது

ஆளை மூழ்கடிக்கும் ஆழம் உள்ள இடத்தில், முழு உடுப்போடு, ரெகுலேட்டரை (டேங்க் காற்றைச் சுவாசிக்க ஏற்ற அழுத்தத்தில் தரும் கருவி) வாயில் வைத்து, ஜாக்கெட்டை முழுக்கக் காலி செய்து, சாதாரண மூச்சைப் பிடித்து அசையாமல் நில்லுங்கள். அடக்கலாமா என்று கேட்பீர்கள். ஏறாமல் இறங்காமல் மேற்பரப்பில் நிற்பதால் இந்த ஒரு சோதனைக்கு மட்டும் சரி. தண்ணீர்மட்டம் கண்ணுக்கு நேரே நிற்க வேண்டும், மூச்சை விட்டதும் மெல்லத் தாழ வேண்டும். இந்தச் சோதனையை டைவ் முடிந்து டேங்கில் 50 பார் இருக்கும்போது செய்வதுதான் உத்தமம். நிறைந்த டேங்கோடு செய்தால் இன்னும் இரண்டு கிலோ சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு கிலோ வேறெதுவும் இல்லை, டைவ் நேரத்தில் நீங்கள் சுவாசித்துத் தீர்க்கும் காற்றின் எடை.

குறைக்கும்போது ஒரு டைவுக்கு ஒரு கிலோ என்று குறைத்து, ஒவ்வொரு தடவையும் குறிப்பேட்டில் சூட், டேங்க், எடை மூன்றையும் எழுதி வையுங்கள்.

### முடியும் நேரத்தில் மேலே தூக்குகிறது

ஆரம்பத்தில் சரியாக இருந்து, கடைசி பத்து நிமிடம் மட்டும் தூக்கினால் காலியாகிவரும் அலுமினிய டேங்க் காரணம். காற்று குறையக் குறைய அது தானே மிதக்கத் தொடங்கும். ஒரு கிலோ கூட்டுங்கள். ஆழமில்லாத இடத்தில் இதைத் தள்ளிப்போட முடியாது, ஏனென்றால் மூன்று மீட்டரில் ஒருமுறை மேலே கிளம்பிவிட்டால் ஜாக்கெட்டில் இருக்கும் காற்றே விரிந்து மிச்சத் தூரத்தையும் இழுத்துக்கொண்டு போய்விடும்.

### எடை சரி, ஆனாலும் கால் கீழே தொங்குகிறது

டேங்கை ஜாக்கெட் பட்டையில் ஒரு கை அகலம் மேலே ஏற்றிக் கட்டுங்கள். இடுப்பில் இருக்கும் ஈயத்தில் ஒரு பகுதியைத் தோளுக்குப் பின்னால், டேங்க் பட்டைக்கு மாற்றுங்கள். பாறைக்கு மேலே மேலும் கீழுமாக உதைக்காமல், தவளை போலப் பின்னோக்கி உதையுங்கள். மணலும் கிளம்பாது.

### அலை முன்னும் பின்னும் தள்ளுகிறது

எதிர்த்து நீந்த வேண்டாம், எதையும் பிடிக்கவும் வேண்டாம். பின்னே இழுக்கும்போது சும்மா இருங்கள், முன்னே தள்ளும்போது உதையுங்கள். பாறைக்கு மேலே இரண்டு மீட்டராவது இடைவெளி வையுங்கள். அதற்கும் இடமில்லாத அளவு மேடு என்றால் அங்கே போகாதீர்கள், விளிம்பைச் சுற்றிப் போங்கள்.

## ரெகுலேட்டர்

ஒரு எச்சரிக்கை: கீழே உள்ளவை வெளியிலிருந்து பார்த்துச் செய்யக் கூடியவை மட்டுமே. ரெகுலேட்டரைத் திறக்கும் வேலை பயிற்சி பெற்ற மெக்கானிக்குடையது.

### டேங்கைத் திறந்ததும் சீறுகிறது

டேங்க் வாயிலிருந்து சத்தம் வந்தால் ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்). மூடுங்கள், பர்ஜ் பொத்தானை (வாய்ப்பகுதியின் முன்னால் இருக்கும், காற்றை வெளியே விடும் பொத்தான்) அழுத்திக் காற்றை விடுங்கள், கழற்றிப் பாருங்கள். வால்வைக் கவ்விப் பிடிக்கும் யோக் வகை என்றால் ஓ-ரிங் டேங்க் வால்வில் இருக்கும், திருகி மாட்டும் டின் வகை என்றால் ரெகுலேட்டரில். ஓரம் கிழிந்திருக்கும், சப்பையாகியிருக்கும், இல்லாவிட்டால் ஒரு மணல் பொடி ஒட்டியிருக்கும். கத்தி முனையால் நோண்டாதீர்கள். உலோகத்தில் விழும் கீறல் எந்தப் புது ஓ-ரிங் போட்டாலும் கசியும். அதே அளவில் புதியதைப் போட்டு மறுபடி திறங்கள். நாலைந்து ஓ-ரிங் எப்போதும் பையில் இருக்கட்டும்.

ஹோஸ் உலோகத்தோடு சேரும் இடத்தில் குமிழி வந்தாலோ, ரப்பர் உப்பியிருந்தாலோ அந்த ஹோஸோடு இறங்கக் கூடாது. பிரஷர் கேஜுக்குப் போகும் ஹோஸ் வெடித்தால் காற்று மெதுவாகத்தான் போகும், உள்ளே துளை அவ்வளவு சிறியது. வாயில் வைக்கும் பகுதிக்குப் போகும் ஹோஸ் வெடித்தால் டேங்க் சில நிமிடத்தில் காலி. கேஜின் சுழலும் கழுத்தில் ஊசிமுனைக் குமிழிகள் மட்டும் என்றால் பெரும்பாலும் உள்ளிருக்கும் சின்னத் தண்டின் ஓ-ரிங் தேய்ந்திருக்கும். மலிவான வேலை, டைவ் முடிந்ததும் மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

### வாயிலிருந்து எடுத்ததும் காற்று கொட்டுகிறது

வாய்ப்பகுதி மேலே பார்த்து மிதக்கிறதா? கீழே திருப்புங்கள், நிற்கும். நிற்கவில்லை என்றால் விரலால் துளையை ஒரு விநாடி அடையுங்கள். பக்கவாட்டில் சின்ன நெம்புகோல் இருந்தால் மேற்பரப்பு நிலைக்குத் தள்ளுங்கள். மணல் போயிருக்குமோ என்று சந்தேகம் இருந்தால் தண்ணீருக்குள் ஆட்டி, பர்ஜ் பொத்தானை இரண்டு தடவை அழுத்துங்கள்.

திறந்து சும்மா தொங்கும்போதும் சில நிமிடத்துக்கு ஒருமுறை தானே "புஸ்" என்று விட்டால் ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் (ரெகுலேட்டரில் டேங்கோடு மாட்டும் பகுதி) அழுத்தம் மெல்ல ஏறிக்கொண்டே போகிறது. அது சர்வீஸ்தான். "ஒரு டைவ் தாங்கும்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

கீழே இருக்கும்போது கொட்ட ஆரம்பித்து நிற்காவிட்டால், உதட்டை இறுக மூடாமல் ஓரம் வழியாக மிச்சக் காற்று தப்பவிட்டு, தேவையானதை மட்டும் உறிஞ்சிக்கொண்டு, அல்லது ஜோடியின் ஆக்டோபஸை (அவசரத்துக்கான இரண்டாவது வாய்ப்பகுதி) வாங்கிக்கொண்டு மேலே வாருங்கள். டைவ் முடிந்தது.

### மூச்சோடு தண்ணீரும் வருகிறது

மவுத்பீஸில் பல்லால் கடித்த கிழிசல் இருக்கும், கட்டியிருக்கும் பிளாஸ்டிக் டைக்கு அடியில் தேடுங்கள். அது இல்லை என்றால் மூச்சு வெளியேறும் வால்வில் மணலோ முடியோ. அடுத்த தடவை படகிலேயே கண்டுபிடிக்க ஒரு வழி: டேங்கில் மாட்டும் முன், தூசி மூடி போட்டபடியே வாயில் வைத்து லேசாக உறிஞ்சுங்கள். காற்றே வரக் கூடாது. வந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது.

### மூச்சு இழுக்கக் கஷ்டமாக இருக்கிறது

கேஜைப் பார்த்துக்கொண்டே நாலு தடவை பலமாக மூச்சை இழுங்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் முள் இறங்கி ஏறினால் டேங்க் வால்வு சரியாகத் திறக்கவில்லை. ஜோடியை முழுக்கத் திறக்கச் சொல்லுங்கள். இந்தச் சோதனையை நான் ஒவ்வொருவரையும் குதிக்கும் முன் செய்யவைக்கிறேன். கால் திருகு மட்டும் திறந்த டேங்க் படகில் நன்றாகவே காற்றுத் தரும், பத்து மீட்டரில்தான் பற்றாது. முள் அசையவில்லை, ஆனாலும் கனமாக இருக்கிறது என்றால் சர்வீஸ் நாள் தாண்டியிருக்கும். பெரும்பாலான தயாரிப்புகளுக்கு வருடம் ஒருமுறை அல்லது 100 டைவ் என்ற கணக்கைப் பின்பற்றுங்கள். கையேடு குறைவாகச் சொன்னால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

## ஜாக்கெட் தானாக ஊதுகிறது

மேலே தூக்கிக்கொண்டு போகும் ஆபத்தான கோளாறு இது, கை பழகியிருக்க வேண்டும். இன்ஃப்ளேட்டரில் (ஜாக்கெட்டுக்குக் காற்று ஏற்றும் பொத்தான் பகுதி) மாட்டியிருக்கும் ஹோஸைக் கழற்றுங்கள், அதே நேரம் காற்று விடும் கயிற்றை இழுங்கள், மூச்சை வெளியே விட்டுக்கொண்டே இருங்கள். கண்ணை மூடிக்கொண்டு செய்ய வரும்வரை படகில் பழகுங்கள்.

காரணம் பெரும்பாலும் பொத்தானுக்குள் காய்ந்த உப்பு. வெந்நீர் வேண்டாம், வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில், டேங்க் மாட்டி அழுத்தம் இருக்கும்போதே ஊறவைத்து இருபது முப்பது தடவை அழுத்தி விடுங்கள். பிறகு ஜாக்கெட்டை முழுக்கக் காலி செய்து, டேங்கைத் திறந்து வைத்துப் பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். கொஞ்சமாவது ஊதியிருந்தால் அதை எடுத்துக்கொண்டு இறங்காதீர்கள், பாகம் மாற்ற வேண்டும்.

ஊதினால் நிற்கவில்லை, சப்பிவிடுகிறது என்பது இதற்கு நேர் எதிர். காற்று விடும் வால்வுகளின் மூடியைத் திருகிக் கழற்றி மணலைக் கழுவுங்கள். நன்றாக ஊதி அரை மணி நேரம் வைத்தும் சப்பினால் சவர்க்கார நீர் தடவிக் குமிழி வரும் இடத்தைத் தேடுங்கள். தையலில் வந்தால் மாற்றுவதைத் தவிர வழியில்லை.

## காற்று சீக்கிரம் தீர்ந்துபோகிறது

கசிவு இருக்கிறதா என்று ஜோடி ஒரு சுற்று பார்க்கட்டும். இல்லையென்றால் எடை. அதுவும் இல்லையென்றால் கை: கையை வீசி நீந்துபவர்களுக்குக் காற்று கொட்டும். இரண்டு கையையும் முன்னால் கோத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அளவு எது என்று தெரிய ஒரு கணக்கு. 11.1 லிட்டர் டேங்க், 200 பாரிலிருந்து 50 வரை என்றால் ஏறத்தாழ 1,660 லிட்டர் காற்று. மேற்பரப்பில் நிமிடத்துக்கு 17 லிட்டர் செலவழிப்பவர் 10 மீட்டரில் 34 செலவழிப்பார், ஐம்பது நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக வரும். 25 லிட்டர் ஆள் என்றால் முப்பத்துமூன்று நிமிடம். புதியவர்களுக்கு இது சாதாரணம், பழகப் பழகக் குறையும். மிச்சம் பிடிக்கிறேன் என்று மூச்சுக்கு மூச்சு இடைவெளி விட்டு அடக்குவது மட்டும் கூடாது. கரியமில வாயு ஏறி, மேலே வந்ததும் மண்டை பிளக்கும்.

## தலைவலி, மூச்சுத் திணறல்

நெற்றியில் மட்டும், இறங்கும்போது மட்டும் வலித்தால் சைனஸ். மாஸ்க்கில் கொஞ்சம் ரத்தம் தெரியலாம். அன்றைக்கு நிறுத்துங்கள், அடிக்கடி வந்தால் மருத்துவர். டைவ் முடிந்து தலை முழுக்க வலித்தால் மேலே சொன்ன மூச்சு அடக்கல், அல்லது வெயிலில் தண்ணீர் குடிக்காதது.

ஒரே இடத்தில் நிரப்பிய டேங்கைச் சுவாசித்த இரண்டு மூன்று பேருக்கு ஒன்றாகத் தலைவலி, குமட்டல் என்றால் காற்றிலேயே கோளாறு. கம்ப்ரசர் புகையிலிருந்து கார்பன் மோனாக்சைடு போயிருக்கலாம். அதற்கு மணமும் கிடையாது. எண்ணெய் வாடை, ரப்பர் சுவை இருந்தாலும் அந்த டேங்க்குகள் அத்தனையையும் ஒதுக்குங்கள். ஆட்களுக்கு ஆக்சிஜன் கொடுத்து மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

பெரிதாக நீந்தாமலே மூச்சு வாங்குகிறது, இருமல், நெஞ்சில் கரகரப்பு, நுரைச் சளி: நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். வெதுவெதுப்பான ஆழமில்லாத கடலிலும் வரும். நிறையப் பேர் இதை உடல் பழக்கமின்மை என்று விட்டுவிடுகிறார்கள். உடனே மேலே, படகில் நிமிர்ந்து உட்காரவைத்து ஆக்சிஜன், நேராக மருத்துவமனை.

## தோல் எரிகிறது, வெட்டுப்பட்டது

தேன் நிறத்தில் வெளிறிய முனைகளோடு கிளைத்திருப்பது நெருப்புப் பவளம். பெயர்தான் பவளம், உண்மையில் அது பவள இனமே இல்லை. உரசினால் தீக்காயம் போல எரியும். கடல்நீரால் அலசுங்கள், நல்ல தண்ணீர் ஊற்றித் தேய்த்தால் ஒட்டியிருக்கும் கொட்டும் செல்கள் வெடித்து இன்னும் எரியும். அப்புறம் வினிகர்.

கல்மீன், சிங்கமீன், திருக்கை முள் குத்தினால் வேறு வழி. தாங்கக்கூடிய சூடான நீரில், 45 டிகிரி அளவு, குத்துப்பட்ட இடத்தை முப்பது நிமிடமாவது வையுங்கள். வலித்த கை மரத்திருக்கும், அதனால் சூட்டை மற்றக் கையால் பாருங்கள். அந்த நஞ்சு சூட்டில் சிதையக் கூடியது. கல்மீன் என்றால் வலி குறைந்தாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும்.

பவளக் கீறல் பார்க்கச் சின்னதாக இருக்கும், உள்ளே சுண்ணாம்புத் துகள் இருக்கும். சோப்பும் நல்ல தண்ணீரும் போட்டு, வலித்தாலும் பரவாயில்லை என்று தேய்த்துக் கழுவுங்கள், துகளை இடுக்கியால் எடுங்கள். சிவப்பு பரவினாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றே மருத்துவர். சர்க்கரை நோய், ஈரல் நோய் இருப்பவர்கள் காத்திருக்கவே கூடாது. வெப்பக் கடலின் சில கிருமிகள் அவர்களிடம் மணிக்கணக்கில் பரவும்.

பெரிய கிளாத்தி மீன் ஒன்று நேராகப் பாய்ந்து வந்து ஃபின்னைக் கடிக்கிறதா? கீழே மணலில் அதன் முட்டைக் குழி இருக்கிறது. அது காக்கும் இடம் மேலே போகப் போக அகலமாகும் கூம்பு போன்றது, அதனால் மேலே ஏறாதீர்கள். ஃபின்னை அதற்கும் உங்களுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு பக்கவாட்டில் விலகுங்கள்.

## மேலே வந்த பிறகு

வந்த பத்து நிமிடத்துக்குள் மயக்கம், குழறல், ஒரு பக்கம் பலவீனம், பார்வை மங்கல் என்றால் ரத்தத்தில் காற்றுக் குமிழி போயிருக்கலாம். நாலு மீட்டர் டைவிலும் வரும், மூச்சை அடக்கிக்கொண்டு ஏறியிருந்தால் போதும். சமதளமாகப் படுக்கவைத்து, 100 சதவீத ஆக்சிஜன் கொடுத்து, அவசர உதவியை அழையுங்கள்.

சில மணி நேரம் கழித்து மூட்டு வலி, தோலில் ஊசி குத்துவது போன்ற உணர்வு, பளிங்குக் கோடு போலத் தடிப்பு, காரணமில்லாத அசதி என்றால் அழுத்தக் குறைவு நோய் (ஏறும்போது அழுத்தம் குறைவதால் உடலில் குமிழிகள் உண்டாவது). ஆழம் குறைவு என்பதால் வராது என்று சொல்லிவிட முடியாது. நாள் முழுக்க நாலைந்து தடவை மேலே கீழே போய்வந்தவர்களுக்கு வந்திருக்கிறது. வலி மாத்திரை போட்டுத் தூங்கப் போகாதீர்கள். அதே ஆக்சிஜன்தான். கூடவே டைவ் விபத்துகளுக்கு உதவும் அமைப்பான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்கின் 24 மணி நேர அவசர எண்ணைக் கூப்பிட்டு, அழுத்த அறை உள்ள அருகிலுள்ள மருத்துவமனை எது என்று கேளுங்கள். குணமாகட்டும் என்று மறுபடி தண்ணீரில் இறக்கக் கூடாது. டைவ் கம்ப்யூட்டரையும் நோயாளியோடு அனுப்புங்கள், டைவ் விவரம் முழுக்க அதில் இருக்கும்.

எந்தத் தொல்லையும் இல்லாதவர்களும் ஒரே ஒரு டைவ் செய்திருந்தால் 12 மணி நேரம், பல டைவ் என்றால் 18 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது. அந்தக் காத்திருப்பில் ரெகுலேட்டரை நல்ல தண்ணீரில் ஊறப்போடுங்கள். தூசி மூடியைத் துடைத்து இறுக்கிப் போட்ட பிறகுதான் ஊறவைக்க வேண்டும், ஊறும்போது பர்ஜ் பொத்தானில் கை படக் கூடாது. பட்டால் தண்ணீர் ஹோஸ் வழியாக ஃபர்ஸ்ட் ஸ்டேஜுக்குள் போய்விடும்.